பாறை ஏன் படத்தில் சப்பையாகிவிடுகிறது, ஊர்க்காட்சி ஏன் விறைத்துப்போகிறது?

கேட்டிருப்பதைச் சுருக்கினால் இரண்டு பிரச்சினை. நேரில் வாயடைக்க வைக்கிற பாறைக்குன்று, படத்தில் சாம்பல் நிற மண்மேடாகிவிடுகிறது. அதே குன்றின் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரையோ வயலில் குனிந்து வேலை செய்பவரையோ எடுக்கப் போனால், ஆள் விறைத்து நின்று கேமராவையே பார்க்கிறார். 14 மி.மீ. மாதிரி ஓர் அகல லென்ஸ் வாங்கினால் இது சரியாகுமா என்பது கேள்வி.

சரியாகாது. பாறை விஷயத்தில் இன்னும் மோசமாகும் என்றுதான் சொல்வேன். இரண்டுமே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்த நேரத்தில் நிற்கிறீர்கள் என்பதில் இருக்கிற கோளாறு. லென்ஸ் அதற்கு அப்புறம்தான். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாறை. கல்லின் சொரசொரப்பு என்று நாம் படத்தில் பார்ப்பது கல்லையே அல்ல, அதன் மேலுள்ள ஆயிரக்கணக்கான குட்டி நிழல்களை. நிழல் விழாவிட்டால் எவ்வளவு கரடுமுரடான பாறையும் பூசி மெழுகின சுவர்தான். தட்டையாகக் கிடக்கும் ஒரு பாறைத்தளத்தில் 1 செ.மீ. உயரத்துக்கு ஒரு முண்டு இருக்கிறது என்று வையுங்கள். சூரியன் தொடுவானத்திலிருந்து 45 டிகிரி உயரத்தில் இருந்தால் அதன் நிழல் 1 செ.மீ. நீளம். 10 டிகிரிக்கு இறங்கினால் ஏறத்தாழ 5.7 செ.மீ., 5 டிகிரியில் 11 செ.மீ.க்கு மேல். அதே கல், அதே கேமரா. மாறினது வெயிலின் சாய்வு மட்டும்தான். வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அது கிட்டத்தட்ட நேராக மேலே ஏறிவிடும், அதனால் இந்தச் சாய்ந்த வெயில் அங்கே முக்கால் மணி நேரம்கூட நிற்காது. வடக்கே ஐரோப்பா பக்கம் குளிர்காலத்தில் நாள் முழுக்க அப்படித்தான் இருக்கும், அந்த ஊர்ப் படங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் அர்த்தமில்லை.

இதுவரை எல்லாரும் சொல்வதுதான். "காலை மாலை எடு, உச்சி வெயிலில் எடுக்காதே." ஆனால் இந்த அறிவுரை பாறைக்குப் பாதி நேரம் பொய்த்துப்போகிறது, ஏனென்றால் அது தரையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. பாறை முகம் பல இடங்களில் செங்குத்தாக நிற்கிறது. கிழக்கு பார்த்த ஒரு செங்குத்துப் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் உதித்ததும் வெயில் நேராக அதன் முகத்தில் அடிக்கிறது. நிறம் தங்கமாக இருக்கும், அதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு விரிசல்கூடத் தெரியாது, ஏனென்றால் எல்லா நிழலும் அந்தந்த முண்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. அதே முகத்துக்கு உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் வாருங்கள். வெயில் இப்போது மேலிருந்து பாறையை உரசிக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு பிளவும் ஒவ்வொரு அடுக்கும் எழுந்து நிற்கும். அடுத்த கொஞ்ச நேரத்தில் முகம் முழுக்க நிழலுக்குள் போய்விடும். எல்லாரும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற நேரம்தான் அந்தப் பாறைக்கு நல்ல நேரம்.

ஆகவே பாறையை எடுக்கப் போகும் முன் கேட்க வேண்டியது "சூரிய உதயம் எத்தனை மணிக்கு" என்பதல்ல, "இந்த முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, வெயில் எப்போது இதை உரசும்" என்பதுதான். ஒரு திசைகாட்டி போதும். ஃபோட்டோபில்ஸ் போன்ற செயலிகள் எந்த நாளில் எந்த நேரத்தில் சூரியன் எங்கே இருக்கும் என்று வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டும். ஒரே குன்றுக்கு நான்கு பக்கமும் நான்கு நேரம் என்பது பிடிபட்டுவிட்டால், ஒரு நாளை முழுசாகப் பயன்படுத்தலாம்.

இதற்குப் பழைய நல்ல உதாரணம் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் எடுத்த ஹாஃப் டோம் படம். அந்தக் கருங்கல் மலையின் வெட்டுண்ட முகம் வடமேற்குப் பக்கம் பார்க்கிறது, காலையில் அங்கே வெயில் கிடையாது. மதியத்துக்கு அப்புறம் வெயில் முகத்தின் மேல் நகர்ந்து வரும்வரை அவர் காத்திருந்தார். கையில் மிச்சம் இரண்டு கண்ணாடித் தகடுகள். முதலாவதை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார், அதில் வானம் சாதாரணமாகத்தான் வரும் என்று அவருக்கே தோன்றிவிட்டது. இரண்டாவதை அடர் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுத்துவிடும் என்பதால் வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகி, பாறை அதன் முன்னால் தனியாக எழுந்து நின்றது. ஃபில்டர் கதையை எல்லாரும் சொல்வார்கள், காத்திருந்ததை யாரும் சொல்வதில்லை. இன்றைக்கு ஃபில்டர் வேலையைக் கணினியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீல நிற ஸ்லைடரை (அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை) இறக்கியே செய்துவிடலாம் (ரொம்ப இறக்கினால் வானத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்துவிடும், பார்த்துச் செய்யுங்கள்). வெயில் வருவதற்குக் காத்திருக்கிற வேலைக்கு இன்னும் ஸ்லைடர் வரவில்லை.

மேகமூட்டம் வந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. நிழல் செத்துப்போகும், உண்மைதான், ஆனால் அப்போது கல்லின் நிறம் எழும். மழை நனைத்த பாறையைப் பாருங்கள், உலர்ந்த கல்லின் மேற்பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான் அது வெளுத்துத் தெரிகிறது. தண்ணீர்ப்படலம் அந்தச் சிதறலைக் குறைத்துவிடுகிறது, அதனால் கல் கறுத்து, அதற்குள் இருக்கும் சிவப்பும் பச்சையும் வெளியே வருகின்றன. கற்பாசி படிந்த பாறை என்றால் மழைக்கு அடுத்த ஒரு மணி நேரம் விருந்து. அந்த மாதிரி வெளிச்சத்தில் வானத்தை ஃப்ரேமுக்குள் விடாதீர்கள், வெள்ளை வானம் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று, படத்துக்காக அந்தப் பாசியைச் சுரண்டவோ கற்களைப் புரட்டி அடுக்கவோ வேண்டாம். பாறையில் வரைபடம் போலப் படரும் சில வகைகள் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை, உள்ளங்கை அளவுத் திட்டு என்றால் அது உங்கள் தாத்தாவுக்கு மூத்தது.

கல்லின் வகையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. பரீட்சைக்கு இல்லை, கோடு எங்கே ஓடும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதற்காக. கருங்கல் வெங்காயத் தோல் மாதிரி வளைந்த பாளமாக உரியும், அதனால்தான் ஹாஃப் டோம் போன்ற குவிமாடங்களும் ஹம்பியின் உருண்டைப் பாறைகளும் உண்டாகின்றன. அங்கே தேட வேண்டியது வளைவுகளை. மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்தது, அதன் கோடுகள் படுக்கையில் ஓடும், மேலிருந்து உரசி இறங்கும் வெயிலில் எடுப்பாகத் தெரியும். சுண்ணாம்புக்கல் தளங்களில், உதாரணமாக அயர்லாந்தின் பர்ரனில், மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து நீள நீளமான பிளவுகளை உண்டாக்கியிருக்கிறது, அவை காலடியில் தொடங்கித் தொலைவுவரை கண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். வட அயர்லாந்துக் கடலோரத்தில் ஜயன்ட்ஸ் காஸ்வே என்ற இடத்தில் எரிமலைக்குழம்பு ஆறிச் சுருங்கியதில் ஏறக்குறைய 40,000 பசால்ட் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். கறுப்புக் கல், அதிலும் அலை நனைத்தது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அங்கே ஏமாறும்.

ஏமாறும் என்றால் இப்படி. மீட்டருக்கு உலகம் முழுக்க நடுத்தர சாம்பல் நிறம்தான். ஃப்ரேம் முழுக்கக் கறுப்பு பசால்ட் இருந்தால் "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கிவிடும், ஆகவே ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது பாதியாக, குறையுங்கள். வெளுத்த சுண்ணாம்புக்கல்லை அது இருட்டாக்கும், அங்கே ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். எடுத்ததும் ஹிஸ்டோகிராமை (இருட்டு இடது, வெளிச்சம் வலது என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள், வலது ஓரத்தில் மோதி நிற்காதவரை சரி. ஜேபெக் போதாது, கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் எடுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால் மாலை வெயிலின் மஞ்சளைக் கேமரா பிழை என்று நினைத்துத் திருத்திவிடும், பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள்.

இப்போது அகல லென்ஸுக்கு வருவோம். பாறைக்கு அளவு கிடையாது. கையளவு கருங்கல்லும் நூறடிக் குன்றும் ஒரே மாதிரிதான் வெடிக்கும், ஒரே மாதிரிதான் உருளும். நிலவியல் ஆய்வாளர்கள் பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது அதனால்தான். நேரில் நிற்கும்போது உங்கள் கழுத்து அண்ணாந்திருக்கிறது, கால் ஏறி வந்த களைப்பு இருக்கிறது, பெரிசு என்று உடம்பே சொல்லிவிடுகிறது. படம் பார்ப்பவருக்கு அதெல்லாம் இல்லை. அவருக்கு ஓர் ஆளோ ஆடோ மரமோ கதவோ வேண்டும்.

அந்த ஆளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 14 மி.மீ. லென்ஸோடு ஆள் பக்கத்தில் நின்று, பின்னால் குன்று தெரிய எடுத்தால், ஆள் பூதாகரமாகவும் குன்று கூழாங்கல்லாகவும் வரும். எது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். லென்ஸ் அந்தக் காட்சியை எங்கே கத்தரிப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. பாறையின் காலடியில் ஆள் இருக்கும்போது நீங்கள் 300 மீட்டர் பின்னால் போய் 200 மி.மீ. லென்ஸில் பாருங்கள். முழு ஃப்ரேம் சென்சாரில் (36 x 24 மி.மீ.), கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால், அந்தத் தூரத்தில் 36 மீட்டர் உயரப் பாறை ஃப்ரேமில் அடங்கும், ஆள் அதில் இருபதில் ஒரு பங்கு உயரம். சின்னதுதான், ஆனால் ஆள் என்று தெளிவாகத் தெரியும், பாறை அப்படியே அவர் தலைக்கு மேல் கவிழ்ந்து நிற்கும். நேரில் உணர்ந்த மிரட்டல் அப்போதுதான் படத்துக்குள் வருகிறது. ஒரே எச்சரிக்கை, வெயில் ஏறின பிறகு சூடான பாறைத்தளத்தின் மேலாக அவ்வளவு தூரம் எடுத்தால் காற்று நெளிவதில் படம் மசமசவென்று ஆகும், அதற்கு எந்த விலையுயர்ந்த லென்ஸும் மருந்தில்லை. காலையிலோ மழை ஓய்ந்த பிறகோ எடுங்கள்.

அகல லென்ஸ் எதற்கும் ஆகாது என்று சொல்லவில்லை. காலடியில் பிளவோ தண்ணீர் தேங்கின குழியோ நல்ல வடிவமாகக் கிடந்தால், அரை மீட்டர் கிட்டே குனிந்து அதை முன்னணியாக்க அதைவிட நல்லது கிடையாது. அப்படி எடுக்கும்போது எல்லாம் கூர்மையாக வேண்டும் என்று எஃப் 22க்குப் போகாதீர்கள், துளை அவ்வளவு சுருங்கினால் ஒளி விளிம்பில் வளைந்து மொத்தப் படமும் மழுங்கும். முழு ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 11ல் வைத்து, 1.75 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் 90 செ.மீ. தொடங்கித் தொடுவானம்வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். அதைவிடக் கிட்டே வேண்டுமென்றால் முக்காலி வைத்து இரண்டு மூன்று ஃபோகஸில் எடுத்துப் பிறகு இணைக்கலாம்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கைப்பேசிக் கேமராக்கள் தாமாகவே பல படங்களை ஒன்றாக்கி நிழலைத் தூக்கிவிடுகின்றன. முகத்துக்கு அது நல்லது, பாறைக்கு விஷம். நாம் அவ்வளவு நேரம் காத்திருந்தது அந்த நிழலுக்காகத்தானே. பாறையின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள், புரோ அமைப்பும் ரா வடிவும் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

சரி, மனிதர்கள். இங்கே எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. விறைத்து நிற்பது அவர்கள் தப்பில்லை. முன்பின் தெரியாத ஒருவர் சாலையோரம் வண்டியை நிறுத்தி, முப்பதடி தூரத்திலிருந்து நீளமான லென்ஸை நீட்டினால் யாரும் விறைக்கத்தான் செய்வார்கள். பாறை என்றால் தள்ளி நில்லுங்கள் என்று சொன்னேன், மனிதர்களிடம் நேர்மாறு. கிட்டே போக வேண்டும், அதுவும் கேமராவைத் தூக்காமல். 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ், இரண்டு மூன்று மீட்டர் தூரம், அதாவது சாதாரணமாகப் பேசுகிற தூரம். பேசுங்கள். என்ன வேலை நடக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். எடுக்கலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். சம்மதித்தால் முதலில் அவர் விறைத்து நிற்பார், சட்டையைச் சரிசெய்வார். அந்தப் படத்தையும் மரியாதையாக எடுங்கள், ஏனென்றால் அவருக்கு வேண்டிய படம் அதுதான். பிரதி போட்டுக் கொடுக்க வேண்டியதும் அதைத்தான். எடுத்த பிறகு போய்விடாதீர்கள். "படம் முடிந்தது" என்று அவர் மண்வெட்டியை மறுபடி எடுக்கும்போதுதான் உங்களுக்கு வேண்டியது தொடங்குகிறது.

வேலை என்பது திரும்பத் திரும்ப வரும் அசைவு, புகைப்படம் எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. தண்ணீர் இறைப்பது, கதிர் அடிப்பது, கல் உடைப்பது, துணி துவைப்பது எதுவானாலும் ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று வரும். முதல் சில சுற்றுகளை எடுக்காமல் பாருங்கள். கை எந்த இடத்தில் உச்சிக்குப் போகிறது, முகம் எப்போது வெளிச்சத்துக்குத் திரும்புகிறது, பின்னாலிருக்கும் கம்பம் தலையில் முளைத்த மாதிரி வராமல் இருக்க நீங்கள் எத்தனை அடி நகர வேண்டும். நகர்ந்து நின்றுவிட்டு அப்புறம் எடுங்கள். ஷட்டர் வேகம் நடப்பவருக்கு 1/250 நொடி போதும், மண்வெட்டியோ சம்மட்டியோ வீசினால் 1/500, மாடு ஓடினால் 1/1000. ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்க நேரமில்லாத இடங்களில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8ல் வைத்து, 3 மீட்டரில் ஃபோகஸைப் பூட்டிவிடலாம். சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர்வரை எல்லாம் தெளிவாக இருக்கும், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகிற நேரம் மட்டும்தான் செலவு.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைப் பற்றிப் பேசினால் ஜேம்ஸ் ரவிலியஸ் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கிலாந்தில் வடக்கு டெவன் பகுதியின் கிராம வாழ்க்கையை 1970களின் தொடக்கத்திலிருந்து 17 வருஷம் படம் எடுத்தவர், பீஃபோர்டு ஆவணக்காப்பகத்துக்காக. 70,000க்கு மேற்பட்ட படங்கள், எல்லாம் அவர் குடியிருந்த அந்தச் சின்ன வட்டாரத்துக்குள். ஆட்டுக்கொட்டகை, சேறு, பனி, கிழவர்கள், கல் சுவர்கள். அவர் படங்களில் யாரும் கேமராவைப் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் அவர் அங்கே எப்போதும் இருப்பவர். எதிர்வெளிச்சத்தில் எடுப்பது அவருக்குப் பிடிக்கும், அதற்காகவே கண்ணாடியில் பிரதிபலிப்பைக் குறைக்கும் மேற்பூச்சு இல்லாத பழைய லைக்கா லென்ஸ்களை விரும்பி வைத்திருந்தார், அந்த லென்ஸ்கள் நிழலை மென்மையாகக் கொடுத்தன. சுற்றுலா போய் ஒரு நாளில் எடுக்கும் படத்துக்கும் இதற்கும் இருக்கிற தூரத்தை எந்தச் சாதனமும் குறைக்காது. நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஒரே ஒரு குன்றையும் அதன் அடிவாரத்தையும் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் ஒரு வருஷம் எடுங்கள் என்பேன்.

என்ன எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இன்னொரு வழி. அமெரிக்காவில் 1935ல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்றில் கிராமப்புறங்களைப் படம் எடுக்கப் புகைப்படக்காரர்களை அனுப்பிய ராய் ஸ்டிரைக்கர், என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு விரிவான பட்டியல்களை அனுப்பிக்கொண்டே இருப்பார். மாலையில் மக்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்கிற மாதிரி சாதாரண விஷயங்கள்தான். (பிடிக்காத நெகடிவில் ஓட்டை போட்டுவிடுவார் என்பது வேறு கதை, அதற்காக அவரைத் திட்டுபவர்கள் இன்றும் உண்டு.) நீங்களும் ஒரு பட்டியல் போடுங்கள்: தேய்ந்துபோன கல் படி, துவைகல், கல் தொட்டி, தாழ்வாரத்தில் காயும் தானியம், நிழலில் உட்கார்ந்திருப்பவர் கை, மாடு உரசி உரசிப் பளபளப்பான கல்தூண். கல்லும் வாழ்க்கையும் அங்கே ஏற்கெனவே ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

இதிலிருந்துதான் கடைசி விஷயம், என் வரையில் இதுவே முக்கியமானது. பாறையை ஒரு நாளும் ஊரை ஒரு நாளும் தனித்தனியாக எடுக்காதீர்கள். பாறைதான் உங்கள் ஸ்டுடியோ. மாலையில் மந்தை திரும்பும்போது எழும் புழுதியும், அடுப்புப்புகையும், எதிர்வெளிச்சத்தில் அழகு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எடுத்துப் பார்த்தால் பாதி பேருக்கு வெறும் வெள்ளை மூட்டம்தான் கிடைக்கிறது. காரணம், பின்னால் வானம். ஒளிரும் புழுதி தெரிய வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் இருட்டு வேண்டும். சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் குன்றின் உங்களைப் பார்த்த பக்கம் முழுக்க நிழலில் இருக்கும், அதுதான் அந்தக் கறுப்புத் திரை. வெயில் இன்னும் மந்தையின் மேல் விழுந்துகொண்டிருக்க வேண்டும், பின்னணி மட்டும் குன்றின் நிழலாக இருக்க வேண்டும். அப்படி ஒரு கோணம் அநேகமாகக் குன்றின் ஓரத்தில், வெயிலும் நிழலும் பிரிகிற கோட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும். முதல் நாளே அந்தக் கோடு எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து, ஆட்டின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுங்கள், மேலிருந்து எடுத்தால் பின்னணியில் தரைதான் வரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வெயில் விழும் வெளுத்த பாறைக்கு எதிரே, நிழலில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவர் முகத்தில் மென்மையாக நிரம்பும். செம்பாறை என்றால் அந்த வெளிச்சத்துக்கே சிவப்பு ஏறிவிடும், குறுகலான மணற்கல் பள்ளத்தாக்குகள் உள்ளிருந்து எரிவது போலத் தெரிவதும் இதே காரணத்தால்தான். சுட்டெரிக்கும் மதியத்தில் முகம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை, அந்த நேரத்தில் மக்கள் ஓய்வெடுக்க உட்காருவதும் பெரும்பாலும் அப்படி ஓர் இடத்தில்தான்.

சில இடங்களில் நீங்கள் பின்னணியை முதலில் கண்டுபிடித்துவிட்டு, யாராவது அதற்குள் நுழையும்வரை நிற்கலாம். ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932ல் தெற்கு பிரான்சின் இயேர் நகரில் எடுத்த சைக்கிள் படம் அப்படிப்பட்டதுதான்: முன்னால் வளைந்து இறங்கும் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும், கீழே கல் பாவிய தெரு, அந்த வளைவுக்குச் சரியாக ஒரு சைக்கிள். பாறை நாட்டில் இந்த மாதிரி மேடைகள் நிறைய. இரண்டு பாறைக்கு இடையில் ஒற்றையடிப் பாதை, சுனைக்கு இறங்கும் படி, கல் வேலியின் திறப்பு. ஆள் வருவது உறுதியான இடம், வெளிச்சம் வருவது உறுதியான நேரம். இரண்டும் சேருகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுவிட்டால், கொஞ்ச நேரத்தில் நீங்களும் அந்த இடத்துப் பொருளாகிவிடுவீர்கள், யாரும் விறைக்க மாட்டார்கள். தெருவில் முகம் தெரியாதவர்களை எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் என்றால் பெரியவர்களிடம் கேட்காமல் வேண்டவே வேண்டாம், இணையத்தில் போடும் முன் படத்தில் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். ஏழ்மையைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கங்களைக் கூர்மையாக்கி, "உழைப்பு" என்று தலைப்பு வைப்பதை மட்டும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

திருத்தம் செய்வதில் சொல்ல அதிகமில்லை. சொரசொரப்பைத் தூக்கிக்காட்டும் கிளாரிட்டி ஸ்லைடரைப் பாறைக்காகக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக் கடைசிவரை இழுக்காதீர்கள், குன்றின் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். நிழலை முழுக்கத் தூக்காதீர்கள். கண் போக வேண்டிய இடத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஓரங்களைக் கொஞ்சம் இறக்கினால் பெரும்பாலான படங்களுக்குப் போதும்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால், 14 மி.மீ. லென்ஸுக்கு வைத்திருப்பதில் ஒரு சின்னப் பங்குக்கு நல்ல போலரைசர் ஃபில்டர் வாங்குங்கள். நனைந்த பாறையின் மேலும் இலைகளின் மேலும் இருக்கிற பளபளப்பை வெட்டி உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டும், இந்த ஒரு வேலையைக் கணினியில் பிறகு செய்ய முடியாது. ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், அதைக் கணக்கில் வையுங்கள். நீல வானத்தில் அதன் வேலை சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அதிகம், அதனால் அகலமான லென்ஸில் போட்டால் வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் திட்டுத் திட்டாக வரும், அப்படித் தெரிந்தால் வளையத்தைத் திருப்பிக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தில் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய 70-200 மி.மீ. லென்ஸ் ஒன்று விலைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள், குன்றுக்கு அதுதான் உதவும்.